அசைவம்

மாடிப்படிச் சுவரில் எறும்புகள் நின்றுகொண்டிருந்தன.

ஊர்ந்துகொண்டிருந்தால் அன்புச்செல்வி திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் செங்கம் சாலைப் பக்கத்து வீடுகளில் எறும்புக்கும் மரவட்டைக்கும் வாடகை கேட்காத குறைதான். ஆனால் இவை நின்றன. கீழ்ப்படியில் தொடங்கி மாடி அறைக் கதவு வரைக்கும் ஒன்றின் பின் ஒன்றாக, கோயிலில் தர்ம தரிசன வரிசை நிற்பதுபோல நின்றன. செத்தவை என்று நினைத்துத் துடைப்பத்தால் இழுத்தாள், உதிரவில்லை. குனிந்து பார்த்தபோது ஒவ்வொன்றின் மீசையும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. கால்கள் மட்டும் சுவரோடு ஒட்டியிருந்தன. அந்த இடம் நத்தை போன தடம்போல ஈரமாகப் பளபளத்தது. துடைப்பத்தை அழுத்தித் தேய்த்தாள். உடம்புகள் நசுங்கி வந்தன, கால்கள் சுவரிலேயே தங்கிவிட்டன. சுவருக்கு மயிர் முளைத்தது மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

எதைப் பார்த்தாலும் துடைப்பத்தைப் போடுகிறவள் இல்லை அவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன லேபில் அவள் பல வருஷமாக டெக்னீஷியன். ஊரார் டப்பாவில் அடைத்துக் கொண்டுவரும் சளி, மலம், சிறுநீர், விந்து எல்லாவற்றையும் கண்ணாடிச் சிலைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அசைகிறதா அசையவில்லையா என்று சொல்வதுதான் அவள் வேலை. அருவருப்புப் படுவதற்கெல்லாம் அவளுக்கு வசதி இல்லை. புழு அசைந்தால் ஒரு மாத்திரையோடு போயிற்று. விந்தில் ஒன்றும் அசையாவிட்டால் ஒரு குடும்பமே உட்கார்ந்து அழும். அப்படி அழுத குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. புருஷன் சக்கரபாணியின் சிலைடை அவளேதான் பார்த்தாள். வட்ட வெளிச்சத்துக்குள் வாலும் தலையுமாகக் கூட்டமாகக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. சிலைடை மாற்றிப் பார்த்தாள், வேறு சொட்டு எடுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

சக்கரபாணிக்கோ ஒரு இடத்தில் சும்மா இருக்கவே தெரியாது. கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே வேன் ஓட்டினான். வீட்டில் உட்கார்ந்தால் தொடை ஆடும், டிவி பார்த்தால் விரல் தாளம் போடும், தூக்கத்தில்கூடக் கால் கிளட்சை மிதிக்கும். ரிசல்ட் தெரிந்த அன்று அவன்தான் அவளைத் தேற்றினான். "நாள் பூரா ஓடறவன் நான். எனக்குள்ள ஒண்ணுகூட ஓட மாட்டேங்குது பாரு," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை. பிள்ளை இல்லை என்றால் இல்லை, இந்த ஆள் இருக்கிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தாள்.

மாடி அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவது வழக்கம். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் ஒரு மாதம் இரண்டு மாதம் தங்குவார்கள், தியானம் செய்வார்கள், இருமுவார்கள், போவார்கள். இந்த முறை வந்தவர் பெயர் சுப்பிரமணி. கடலோரத்து ஊர் ஒன்றில் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, கண் இமைக்க நேரம் எடுத்துக்கொள்கிற பார்வை. அறையில் அசைவம் கூடாது என்று அன்புச்செல்வி சொன்னபோது, தான் அதைத் தொடுவதே இல்லை என்றார். சக்கரபாணி சும்மா இருப்பானா? "அசையாதது சைவம், அசையறது அசைவம். அவ்ளோதான சார்?" என்றான். சுப்பிரமணி அவனை வெகுநேரம் பார்த்தார். அதைவிடச் சரியாகத் தன் மாணவர்கள் யாரும் சொன்னதில்லை என்றார்.

அதற்கப்புறம் சக்கரபாணிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சாயங்காலம் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பான், இறங்கி வந்து அவளிடம் ஒப்பிப்பான். கடலில் ஒரு பிராணி இருக்கிறதாம். குட்டியாக இருக்கும்போது தலைப்பிரட்டை மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு நீந்துமாம். ஒரு நல்ல பாறை கிடைத்ததும் தலையைக் கீழே ஊன்றி ஒட்டிக்கொள்ளுமாம். அப்புறம் சாகும் வரைக்கும் நகராதாம். ஒட்டிக்கொண்டதும் அது செய்கிற முதல் வேலை, தன் மூளையைத் தானே தின்பதாம். அன்புச்செல்வி தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். ஒருநாள் கொடியில் துணி எடுக்கப் போனபோது சுப்பிரமணி அவளிடமே சொன்னார்.

"மூளை எதுக்குன்னு நெனைக்கிறீங்கம்மா? நகர்றதுக்குத்தான். நகர வேண்டாம்னு ஆயிட்டா அதுவும் வெறும் சாப்பாடு. பசிக்குத்தான் எல்லாம் ஓடுது. சாப்பாடு நம்மளத் தேடி வர்ற மாதிரி இருந்துட்டா அப்புறம் எதுக்கு ஓடணும்? இந்த மலை பேர்லயே அசலம் இருக்கு. அசையாததுன்னு அர்த்தம். எத்தனை லட்சம் பேர் அதைச் சுத்தி வர்றாங்க பாருங்க."

அவர் வாயிலிருந்து வந்த வாடை அவளுக்குப் பிடிக்கவில்லை. புளித்த கஞ்சியும் ஈரச் சாக்கும் கலந்த வாடை. துணியை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பிறகு அவர் இறங்கி வருவது நின்றது. வைத்த டீ வைத்தபடி ஆடை கட்டிக் கிடந்தது. அந்த வாடை படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. பிணவாடை அவளுக்குத் தெரியும், இது அதுவல்ல. குழந்தை பால் கக்கிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டு மறந்துவிட்டதுபோல ஒரு வாடை. எறும்புகள் நின்ற அன்று காலை அதற்கு ஒரு தித்திப்பும் சேர்ந்திருந்தது.

பக்கத்து வீட்டு அபிநயா அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இருபத்து மூன்று வயசுப் பெண், புருஷனுக்குப் பெங்களூரில் வேலை. இடுப்பில் பத்து மாதக் குழந்தை கவியா திமிறிக்கொண்டிருந்தது. அபிநயாவின் நெற்றியில் புதுசாகத் திருநீறு.

"சாமி நிஷ்டையில உக்காந்துட்டாருக்கா. நான் ரெண்டு வாழப்பழம் வச்சிட்டு ஜன்னல்லயே கும்புட்டு வந்தேன். உங்க வீட்டுக்கு வந்த யோகம்," என்றாள்.

இந்த ஊரில் அது அப்படித்தான். வேறு எங்கேயாவது ஒரு ஆள் சோறு தண்ணி இல்லாமல் நாலு நாள் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் கதவை உடைப்பார்கள். இங்கே பழம் வைப்பார்கள். உடம்புக்கு என்ன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றாது. அன்புச்செல்வி மாடிக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

மலை தெரியும் பக்கம் முகம் வைத்துச் சுப்பிரமணி தரையில் சம்மணமிட்டிருந்தார். மார்பு மட்டும் ஏறி இறங்கியது. அவரைச் சுற்றித் தரையில் வெளிர் மஞ்சளாக ஏதோ படர்ந்திருந்தது, கொதித்து ஆறிய பாலின் ஆடைபோலச் சுருக்கம் சுருக்கமாக, ஈரமாக. சுவரில் பல்லிகள். சின்னதும் பெரியதுமாக எல்லாம் தலையை அவர் பக்கம் வைத்து ஒட்டியிருந்தன. ஒரு ஈ ஒரு பல்லியின் மூக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. பல்லி நாக்கை நீட்டவில்லை. ஈயும் பறக்கவில்லை. இரண்டும் உயிரோடு இருந்தன. அபிநயா வைத்த பழத்தை அந்த ஆடை தொடவே இல்லை, அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவள்தான் சக்கரபாணியை அனுப்பினாள். இதை அவள் பிறகு ஒவ்வொரு நிமிஷமும் நினைத்துக்கொண்டாள். போய்த் தோளைத் தட்டி எழுப்புங்கள், ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போங்கள், இல்லையென்றால் காலி பண்ணச் சொல்லுங்கள் என்று நச்சரித்தாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். அவள் அடுப்பில் தோசைக்கல்லை வைத்தாள். தலைக்கு மேல் கதவு திறந்தது. அவன் குரல் கேட்டது. சார், சார் என்று இரண்டு முறை. அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு. அவன் உட்காரும் சத்தம்.

தோசை கருகியது. அவள் திருப்பிப் போடவில்லை. மேலே காலடி கேட்கும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மழை தூறத் தொடங்கியது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது, தெருவில் ஆட்டோ போகும் சத்தம் கேட்டது, பிரிட்ஜ் முனகுவது கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டுக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒரு சத்தம் மட்டும் இல்லை. அது அவன் என்று புரிந்தபோது அவள் அடுப்பை அணைத்தாள்.

அவள் ஏறிப் போனாள். சக்கரபாணி சுப்பிரமணிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டிருந்தான். கண் பாதி மூடியிருந்தது. தொடை ஆடவில்லை.

ஏங்க என்று கூப்பிட்டாள். உலுக்கினாள். கன்னத்தில் அடித்தாள். அக்குளில் கை கொடுத்து முழுப் பலத்தோடு தூக்கினாள். ஈரத் துணியை இரண்டாகக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் அவன் தொடைக்கு அடியிலிருந்து வந்தது. அவன் முகம் மாறவில்லை. பாதி மூடிய கண்களிலிருந்து தண்ணீர் மட்டும் தாரையாக வழிந்தது. அவள் விட்டுவிட்டாள். தரையில் அந்த மஞ்சள் ஆடைக்குள் சிவப்பு நூல் நூலாக ஓடியது, கொஞ்ச தூரம் ஓடி நின்று, திரும்பி அவனிடமே வந்தது. பின்வாங்க நினைத்தபோது அவள் செருப்பு வரவில்லை. காலை உருவிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நின்றால் பிடிக்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டாள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து அவனுடைய அண்ணன் அப்பாசாமியை வரச் சொன்னாள். தூக்குவதற்கு ஒரு ஆம்பளைக் கை வேண்டுமே என்றுதான் சொன்னாள். முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்த அப்பாசாமி, ஜன்னலில் ஒரு தரம் பார்த்துவிட்டு மாடித் தாழ்வாரத்திலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நம்ம குடும்பத்தில் ஒருத்தன் சாமியாகிவிட்டானே என்று கண் கலங்கினார். அவள் கூப்பிட்ட ஆம்புலன்ஸை வாசலிலேயே கைகூப்பித் திருப்பி அனுப்பினார். வந்தவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். நிஷ்டையைக் கலைத்தால் ஏழு தலைமுறைக்குப் பாவம், நீ பாட்டுக்குத் தொட்டுத் தொலைக்காதே என்று அவளை எச்சரித்துவிட்டு, ஊரில் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல அவசரமாகக் கிளம்பினார். அவள் படிக்கட்டுக் கம்பிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இந்த ஜனங்களை நினைத்து அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

அந்த மஞ்சளை ஒரு குச்சியால் சுரண்டி டப்பாவில் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனாள். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் சிலைடில் வைத்துப் பார்த்தாள். அது பூஞ்சை இல்லை, பூஞ்சை நகராது. புழு இல்லை, புழுவுக்கு உருவம் உண்டு. காலில்லை, வாலில்லை, தலையில்லை. உள்ளுக்குள் மணிமணியாக ஏதோ ஒரு பக்கம் ஓடியது, நின்றது, மூச்சு விட்டதுபோல மறுபக்கம் ஓடியது. பக்கத்தில் ஒரு நோயாளியின் மலச் சாம்பிள் இருந்தது, உயிருள்ள புழுக்குஞ்சு நெளிகிற சாம்பிள். அதில் ஒரு சொட்டை அவள் ஓரத்தில் விட்டாள். ஏன் விட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கை பழகிய வேலை.

மஞ்சள் ஓட்டம் திசை திரும்பியது. மெதுவாக, அவசரமே இல்லாமல் அந்தப் பக்கம் போயிற்று. புழு துடித்தது, வளைந்தது, எட்டுப் போட்டது. தொட்டதும் நின்றது. சாகவில்லை. வாய்ப்பக்கம் திறந்து மூடிக்கொண்டிருந்தது. உடம்பில் ஒரு குறைவும் இல்லை, ஓரத்தில்கூடக் கடி இல்லை. அதனிடமிருந்து அசைவு மட்டும் போய்விட்டது. மஞ்சளுக்குள் ஓட்டம் இரண்டு மடங்கு வேகமாயிற்று.

அவள் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்தாள். சிலைடை ஆசிட்டில் போட்டாள். கையைத் தோல் எரியும் வரைக்கும் கழுவினாள்.

வீட்டுக்கு வந்ததும் லேப் ஆசிட்டை எடுத்துக்கொண்டுதான் மாடிக்குப் போனாள். அறைக்குள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி யோசித்தாள். எங்கே ஊற்றுவது? ஆடை அவன் இடுப்பு வரைக்கும் ஏறியிருந்தது. எது அது, எது அவன் தோல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாட்டிலை மூடி வைத்தாள். வாசல்படியில் உட்காராமல், நிற்காமல், ஆடிக்கொண்டே அழுதாள்.

அப்போது ஒரு மரவட்டை வாசலைத் தாண்டி உள்ளே போயிற்று. இத்தனை கால் இருந்தும் அதற்குப் புத்தி இல்லை. மஞ்சள் விளிம்பில் ஏறியது, அலை அலையாகப் போய்க்கொண்டிருந்த கால்கள் வேகம் குறைந்தன, நின்றன.

சக்கரபாணியின் சுண்டுவிரல் அசைந்தது.

அவள் மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தாள். மறுபடி அசையவில்லை. பார்வைக் கோளாறு என்று நினைத்தாள். கீழே ஓடிப்போய்த் தொட்டிப் பக்கம் தேடி இன்னொரு மரவட்டையைத் துடைப்பத்தால் தள்ளி முறத்தில் எடுத்து வந்தாள். உள்ளே கொட்டினாள். அது சுருண்டது, விரிந்தது, ஊர்ந்தது, நின்றது. சுண்டுவிரல் அசைந்தது. ஆடியது என்றே சொல்லலாம்.

எத்தனையோ பேர் வீட்டில் விளக்கேற்றுகிற சேதியை வேலையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அசைகிறது என்கிற அந்த ஒரு வார்த்தையைத் தனக்காக ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. "அசையுது," என்று வாய்விட்டுச் சொன்னாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு லேபுக்குப் போகவில்லை. சமையலறையில் கரப்பான்களைக் கையாலேயே பிடித்தாள். அவை உள்ளங்கைக்குள் முள்ளுக் காலால் கீறிக்கொண்டு ஓடப் பார்க்கும்போது உடம்பெல்லாம் கூசியது, ஆனாலும் விடவில்லை. ஒரு கரப்பானுக்கு இரண்டு விரல். ஒரு தவளைக்கு ஒரு கை, மணிக்கட்டு வரைக்கும். சின்னதற்குச் சின்ன அசைவு, பெரியதற்குப் பெரிய அசைவு, கொஞ்ச நேரத்துக்குத்தான், அப்புறம் மறுபடி கல். பக்கத்தில் சுப்பிரமணியும் பங்கு வாங்கிக்கொண்டார். அவர் கண்கள் திறந்துகொண்டன. அவள் எங்கே நகர்ந்தாலும் கூடவே வந்தன.

தெருவில் சாயம் பூசி விற்கிற கோழிக்குஞ்சுகளை ஒரு கூடையோடு வாங்கி வந்தாள். பச்சையும் ரோஸுமாக அவை கீச்கீச்சென்று கத்திக்கொண்டு அறை முழுக்க ஓடின. ஒவ்வொன்றாக நின்றன. கத்தல் குறைந்துகொண்டே வந்து கடைசி ஒன்றும் ஓய்ந்தபோது, அலகு திறந்தபடி ஒரு சாயக்கூட்டம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அவளுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது. ஆனால் சக்கரபாணி தலையைத் திருப்பினான். கழுத்து எலும்பு நொறுங்குவதுபோலச் சத்தம் போட்டது. உதடு பிரிந்தது. உள்ளே நாக்கு மேல் மஞ்சளாக மின்னியது.

"செல்வி," என்றான். "பத்தல."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் பிற்பகல். மழை இருட்டிக்கொண்டு வந்து மலை மறைந்துபோயிருந்தது. வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். அபிநயா குடையோடு நின்றாள். ரேஷன் கடையில் கூட்டம் இல்லை, ஓடிப்போய் வாங்கி வந்துவிடுகிறேன், அதுவரைக்கும் பாப்பாவை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். எத்தனையோ தடவை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பிள்ளை இல்லாத அக்காவுக்கு அது ஆசை என்று தெரிந்துதான் விடுவாள்.

"இது ஒரு நிமிஷம் ஒரு இடத்துல இருக்க மாட்டேங்குதுக்கா. காலு கையி ஓயறதே இல்ல," என்றாள். கவியாவைக் கேட்டுக்கு மேலாக நீட்டினாள்.

இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல அன்புச்செல்வி வாயைத் திறந்தாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. சூடான உடம்பு. முழங்கால் அவள் விலாவில் உதைத்தது, கை காதைப் பிடித்து இழுத்தது, கொலுசு சிணுங்கியது. அபிநயாவின் குடை தெருமுனையில் திரும்பி மறைந்தது. அன்புச்செல்வி வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்டாள். பாயை விரித்து நடுவில் விட்டாள். கிண்ணம் கொடுத்தாள், கரண்டி கொடுத்தாள். குழந்தை எல்லாவற்றையும் எறிந்துவிட்டுத் தவழ்ந்தது. அறைக்கு அறை தவழ்ந்தது. பின்பக்கம் போய்ப் படிக்கட்டுக் கம்பிக்கதவைப் பிடித்து நின்று மேலே பார்த்துக் கை நீட்டியது.

மேலே தரையில் ஏதோ உரசியது.

அவள் குழந்தையை வாரி எடுத்தாள். வேண்டாம் என்று தனக்குத்தானே சத்தமாகச் சொன்னாள். அப்படியே கம்பிக்கதவின் பூட்டைத் திறந்து முதல் படியில் கால் வைத்தாள். சும்மா காட்டலாம். வாசலில் நின்று காட்டிவிட்டு இறங்கிவிடலாம். அடுத்த படி. குழந்தை என்றால் சக்கரபாணிக்கு எவ்வளவு ஆசை. அடுத்த படி. வாடை முகத்தில் அடித்தது, குழந்தை தும்மியது, அவள் அதன் மூக்கைத் துடைத்துவிட்டாள். கீழே விடப்போவதில்லை. விட்டாலும் ஒரு நிமிஷம். கவுனைப் பிடித்துக்கொண்டுதான். விரல் அசைந்ததும் இழுத்துக்கொள்ளலாம்.

கதவு திறந்தே இருந்தது.

சுவரில் பல்லிகள். தரையில் குஞ்சுகள். சுப்பிரமணியின் கண்கள் குழந்தையின் கால் ஆடும் பக்கமெல்லாம் ஆடின, இடம், வலம், இடம். சக்கரபாணி தலை குனிந்திருந்தான்.

அவள் குனிந்தாள். குழந்தையை வாசல்படிக்கு உள்ளே இறக்கினாள். கவுனின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கவியா ரோஸ் நிறக் குஞ்சைப் பார்த்துவிட்டது. கையைத் தரையில் தட்டிச் சிரித்தது. முன்னே இழுத்தது.

"செல்வி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சக்கரபாணி அவளைப் பார்த்துச் சிரித்தான். பழைய சிரிப்பு. அவளைத் தேற்றிய அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

அவள் பிடி தளர்ந்தது.

கொலுசுச் சத்தம் உள்ளே போயிற்று. கொஞ்ச தூரம். இன்னும் கொஞ்ச தூரம். மெதுவாக. ஒரு சிணுங்கல். நின்றது.

சக்கரபாணி எழுந்து நின்றான்.

தொடையிலிருந்து தோல் கீற்றுக் கீற்றாகத் தொங்கியது, அவனுக்கு வலிக்கவில்லை. அவன் ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி வைத்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கை வெதுவெதுப்பாக இருந்தது. விரல்கள் அவள் மணிக்கட்டில் தாளம் போட்டன. அவன் முதுகுக்குப் பின்னால், அறையின் நடுவில், பத்து மாதக் குழந்தை எதுவும் உட்காராத விதமாகக் கவியா முதுகை நேராக நிமிர்த்திச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. எச்சில் மட்டும் மோவாயிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.